இடைநிலைப்பள்ளியில் பகடிவதை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர், செந்தூல் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறேன். படிவம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் கோயிலிலும், பள்ளி வாசலிலும், ராத்திரி வாட்ஸ்அப்பிலும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் தந்திருக்கிறேன். உங்கள் பிள்ளை உயிரை விடுவதைப் பற்றிப் பேசியிருந்தால் நேராக 14ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. "பசங்க கிண்டல் பண்ணிக்கிறது சகஜம்தானே? அதைப் போய் பகடிவதைன்னு சொல்லலாமா?"

எல்லாக் கிண்டலும் பகடிவதை ஆகாது. 1970களில் சுவீடனிலும் நார்வேயிலும் இதை முறைப்படி ஆராய்ந்த டான் ஒல்வேயுஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. இன்றும் பல நாடுகளில் இதைத்தான் அளவாக வைத்திருக்கிறார்கள்.

பலம் என்றால் உடல் பலம் மட்டுமில்லை. ஐந்து பேருக்கு எதிரே ஒருவன் நிற்பதும், மலாய் சரளமாகப் பேசுகிறவனிடம் திக்கிப் பேசுகிறவன் மாட்டுவதும் பலம் சமமில்லாத நிலைதான். ஒருத்தியின் ரகசியம் இன்னொருத்தியின் கைப்பேசியில் இருப்பதும் அப்படியே. உங்கள் பிள்ளை அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, இருவரும் சிரித்தபடி கன்டீனுக்குப் போக முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் அது விளையாட்டு. வாயே திறக்க முடியாது என்றால் விளையாட்டில்லை.

2. "தமிழ்ப்பள்ளியில நல்லா இருந்த பிள்ளைங்க. படிவம் ஒன்னுக்குப் போனதும் ஏன் இப்படி ஆயிடுது?"

ஆறு வருடம் எல்லா ஆசிரியருக்கும் பெயர் தெரிந்த பிள்ளை, திடீரென்று பல நூறு பேரில் ஒருவனாகிறான். பாடம் பேச்சு எல்லாம் மலாயில். பழைய நண்பர்கள் வேறு வேறு வகுப்பில். சிலர் மலாயை வலுப்படுத்துவதற்கான புதுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு, தன் வயதுக்காரர்களைவிட ஒரு படிவம் பின்னால் வருகிறார்கள். போதாததற்கு உடம்பு வளரும் வயது. ஒருவன் மீசையோடு நிற்பான், பக்கத்தில் இருப்பவன் இன்னும் ஐந்தாம் ஆண்டுப் பையன் போல இருப்பான். யார் மேலே, யார் கீழே என்று பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்கிற காலம் இது.

இரண்டு வேளை நடக்கும் பள்ளிகளில் சின்னப் படிவங்கள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். காலைப் பள்ளி விட்டு, மாலைப் பள்ளி தொடங்கும் அந்த நேரத்தில் பெரியவர்களும் சின்னவர்களும் வாசலில் கலக்கிறார்கள். பொறுப்பில் யாருமே இல்லாத நேரம் அது. காசு பறிப்பது பற்றி நான் கேட்ட கதைகளில் பாதி அப்போது நடந்தவை.

3. "என் மகன் எதையுமே சொல்ல மாட்டான். எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சின்ன விஷயங்களைப் பாருங்கள். கன்டீனுக்குக் காசு கொடுத்தும் பசியோடு வருவது. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கழிவறைக்கு ஓடுவது. பள்ளிக் கழிவறைக்குள் போகப் பயந்து நாள் முழுக்க அடக்கி வைக்கிற பிள்ளைகள் நிறைய. ஞாயிறு இரவு மட்டும் வரும் வயிற்றுவலி. அடிக்கடி தொலையும் காலணி, கால்குலேட்டர். பள்ளிப் பேருந்து வேண்டாம், நீங்களே கொண்டுவந்து விடுங்கள் என்ற பிடிவாதம்.

"யாராவது பூலி பண்றாங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இடைவேளையில யார்கூட உட்கார்ந்த?", "பஸ்ல எந்த சீட்டு?" என்று கேளுங்கள். காரில் பக்கவாட்டில் உட்கார்ந்து போகும்போது கேட்டால் இன்னும் நல்லது. முகத்துக்கு நேரே கேட்டால் இந்த வயசுப் பிள்ளைகள் மூடிக்கொள்வார்கள்.

4. "அவங்க அப்பா 'நீயும் திருப்பி அடி'ங்கிறாரு. சரியா?"

அந்த அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பலம் சமமாக இல்லாததால்தான் அது பகடிவதை ஆகிறது என்று முதல் கேள்வியில் பார்த்தோம். அடித்து ஜெயிக்க முடிகிற பிள்ளையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. திருப்பி அடித்தால் அடுத்த முறை நாலு பேராக வருவார்கள். கட்டொழுங்கு ஏட்டில் இருவர் பெயரும் ஏறும், உங்கள் புகாரும் "சண்டை" என்று பதிவாகும்.

கற்றுக்கொடுக்க வேண்டியது வேறு. நிமிர்ந்து நின்று, உரக்க ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு, ஆசிரியரோ மற்றவர்களோ இருக்கும் இடத்துக்கு நடந்துவிடுவது. "ஜாங்கான் காச்சாவ் சாயா" (என்னைத் தொந்தரவு செய்யாதே) என்று மலாயில் சொன்னால் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் விஷயம் புரியும். வீட்டில் சொல்லிப் பழக வையுங்கள், குரல் நடுங்காமல் வரும்வரை.

5. "சொல்லிட்டு, 'யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா'ன்னு அழறான். என்ன செய்யட்டும்?"

முதலில் முழுக்கக் கேளுங்கள். "நீ என்ன செஞ்ச?" என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னதே தப்பு என்று பிள்ளை நினைத்துவிடும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்கிட்ட சொல்லாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். யாரைப் பார்க்கப் போகிறோம், எப்போது, என்ன சொல்லப் போகிறோம் என்று அவனுக்கு முன்பே தெரிய வேண்டும். மறுநாளே வகுப்பு வாசலில் போய் நின்று அந்தப் பையனைத் திட்டுவதுதான் உங்கள் மகன் மிகவும் பயப்படும் காட்சி. அதை மட்டும் செய்யவே கூடாது.

6. "பள்ளியில யாரைப் பார்க்கணும்? நேரா முதல்வர்கிட்ட போகலாமா?"

போகலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் வகுப்பாசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர், ஆலோசக ஆசிரியர், மாணவர் நலத் துணைமுதல்வர் என்று ஒரு வரிசை இருக்கிறது. கடைசியாகச் சொன்னவரைத்தான் பள்ளியில் ஜிபிகே ஹெச்இஎம் என்பார்கள். பொதுவாக நான் வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டு, அதே வாரம் துணைமுதல்வருக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்கிறேன். அடி, காயம், காசு பறித்தது, பாலியல் சீண்டல் என்றால் வரிசை பார்க்காமல் அன்றே முதல்வர்.

எழுத்தில் கொடுப்பதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று பலர் கேட்கிறார்கள். வாயால் சொன்னது ஆசிரியர் மாறினால் மறைந்துபோகும். எழுதிக் கொடுத்தது கோப்பில் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், நடந்தது, யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னோம் என்று எழுதுங்கள். "என் மகனை எல்லாரும் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை இடைவேளையில், பட்டறைக்குப் பின்னால், 5 வெள்ளியைப் பிடுங்கினார்கள்" என்றால் மறுநாளே அங்கே ஒருவரை நிறுத்தலாம்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். எழுத வராதவர்கள் சங்கத்தில் கேளுங்கள், எழுதித் தருவார்கள். ஒரு பிரதியில் பள்ளி அலுவலகத்தின் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

7. "ரெண்டு பேரையும் கூப்பிட்டு கை குலுக்க வச்சாங்க. மறுநாள் இன்னும் அதிகமாயிடுச்சு. ஏன்?"

சமரசம் என்பது சமமான இருவர் சண்டை போட்டால் சரி. இங்கே ஒருவன் துன்புறுத்தியவன், ஒருவன் துன்பப்பட்டவன். அவர்களை எதிரெதிரே உட்காரவைத்து "ரெண்டு பக்கமும் தப்பிருக்கும்" என்றால், அடிபட்டவன் தன்னை அடித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற நிலை வரும். வெளியே வந்ததும் "போட்டுக் கொடுத்தியா?" என்று கணக்குத் தீர்க்கப்படும்.

பள்ளியிடம் மூன்றைக் கேளுங்கள்: பிள்ளைகளைத் தனித்தனியே விசாரிப்பது, பிள்ளைக்குத் தினமும் போய்ச் சொல்ல ஒரு குறிப்பிட்ட ஆசிரியர், இரண்டு வாரம் கழித்து உங்களோடு ஒரு சந்திப்பு. மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும். தேதியை அங்கேயே குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

8. "என் மகள் எதுவும் செய்யல, சும்மா பார்த்துக்கிட்டுதான் நின்னாளாம். அவளுக்கும் இதுக்கும் என்ன?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். பகடிவதை பெரும்பாலும் ஆள் இருக்கும் இடத்தில்தான் நடக்கிறது. செய்கிறவனுக்குச் சுற்றி நிற்பவர்களின் சிரிப்புதான் கூலி. கனடாவில் பள்ளித் திடல்களைப் படம்பிடித்துச் செய்து, 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சக மாணவர் ஒருவர் தலையிட்டபோது 57 சதவீதச் சம்பவங்கள் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டன. பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா என்ற பகடிவதைத் தடுப்புத் திட்டமும் இதே அடித்தளத்தில் நிற்பதுதான். அது சுற்றி நிற்கும் வகுப்பை மாற்றப் பார்க்கிறது.

உங்கள் மகள் நடுவில் பாய்ந்து தடுக்க வேண்டியதில்லை, அது ஆபத்தும்கூட. செய்ய வேறு வழிகள் உண்டு. சிரிக்காமல் நகர்ந்துவிடலாம். கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்காமல் இருக்கலாம். "ஏய், டீச்சர் உன்னைக் கூப்பிடுறாங்க" என்று அந்தப் பிள்ளையை அங்கிருந்து அழைத்துக்கொண்டு போகலாம். அதுவும் முடியாவிட்டால், பிறகு போய் "நான் பார்த்தேன், அவன் செஞ்சது தப்பு" என்று சொல்லி, மறுநாள் இடைவேளையில் பக்கத்தில் உட்காரலாம். அடிபட்ட பிள்ளைகளிடம் பேசியவரையில், வலித்தது அடியைவிட அத்தனை பேரும் பேசாமல் நின்றதுதான் என்று சொல்கிறார்கள்.

வீட்டிலும் கேள்வியை மாற்றுங்கள். "உன்னை யாராவது ஏதாவது செஞ்சாங்களா?" என்பதோடு, "இன்னிக்கு யாராவது தனியா இருந்தாங்களா?" என்றும் கேளுங்கள்.

9. "பொண்ணுங்க அடிக்கிறதில்ல. சேர்த்துக்கவே மாட்டேங்கிறாங்க, அவ்வளவுதான். இதுக்கெல்லாம் புகார் கொடுக்க முடியுமா?"

முடியும். திட்டமிட்டு ஒருத்தியை ஒதுக்குவது, வதந்தி பரப்புவது, "அவகூடப் பேசினா உன்கூடப் பேச மாட்டோம்" என்று மற்றவர்களை மிரட்டுவது எல்லாம் பகடிவதைதான். பையன்களிடமும் இது உண்டு. காயம் தெரியாததால் நோட்டுப் புத்தகம் இங்கே இன்னும் முக்கியம். பள்ளியிடம் தண்டனை கேட்பதைவிட, குழு வேலைக்கு ஆள் பிரிப்பதை ஆசிரியரே செய்யும்படி கேளுங்கள். பிள்ளைகளே பிரித்துக்கொள்ளும்போதுதான் ஒருத்தி ஒவ்வொரு வாரமும் கடைசியில் நிற்கிறாள். பள்ளிக்கு வெளியே அவளுக்கு இன்னொரு கூட்டம் இருப்பதும் உதவும். தேவார வகுப்போ பேட்மிண்டனோ எதுவானாலும் சரி.

10. "வாட்ஸ்அப் குரூப்ல அவ படத்தை ஸ்டிக்கராக்கி அனுப்புறாங்க. போனைப் பிடுங்கி வச்சுட்டா போதுமா?"

போதாது. போனைப் பிடுங்கினால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லாது, குரூப்பும் ஓயாது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர், எண், தேதி தெரியும்படி. அப்புறம் பிளாக் செய்து, அந்தச் செயலியிலேயே புகார் கொடுங்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்தது என்று பள்ளி தட்டிக்கழித்தால், அதன் விளைவு வகுப்புக்குள் நடக்கிறது என்பதைத் தேதியோடு காட்டுங்கள்.

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 507பி முதல் 507ஜி வரையான பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. மிரட்டியும் இழிவாகவும் பேசித் துன்புறுத்துவதும், ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிட்டுத் தொல்லை தருவதும் குற்றம். தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் புகார் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பரவுவது நிர்வாணப் படம் என்றால் ஆதாரத்துக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள், பிரதி எடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம். கைப்பேசியோடு நேராகக் காவல் நிலையம் போங்கள்.

11. "கறுப்புன்னு கூப்பிடுறாங்க, இனத்தைச் சொல்லித் திட்டுறாங்க. நம்ம பசங்களும் சேர்ந்துதான் சொல்றாங்க. என்ன செய்ய?"

இனத்தைச் சொல்லித் திட்டுவதை எழுத்துப் புகாரில் அந்த வார்த்தையோடு அப்படியே எழுதுங்கள், மழுப்பாதீர்கள். பள்ளி அதைச் சாதாரணக் கிண்டல் என்று ஒதுக்குவது கடினமாகும்.

நிறத்தைப் பொறுத்தவரை, வீட்டுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "கறுவாச்சி", "கருவாயன்" என்று செல்லமாகக் கூப்பிடுகிற சித்தியும் மாமாவும் இருக்கிற வீட்டுப் பிள்ளை, பள்ளியில் அதே சொல்லைக் கேட்டால் யாரிடம் முறையிடும்? பிள்ளை முன்னால் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். உறவினரிடமும் சொல்லுங்கள், அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

12. "பெரிய பசங்க 'எங்க கேங்ல சேர்ந்துட்டா யாரும் தொட மாட்டாங்க'ன்னு சொல்றாங்களாம்."

இதைப் பகடிவதையின் கணக்கில் மட்டும் வைக்காதீர்கள். துன்பப்படும் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லித்தான் சேர்க்கிறார்கள். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. எண்களால் அழைக்கப்படும் சில கும்பல்களில் நம் பிள்ளைகள் சிக்குவது ஊரறிந்த விஷயம். நோட்டில், மேசையில், கையில் எண் எழுதியிருந்தால் கேளுங்கள். முதல்வரிடமும் பள்ளிக்குப் பொறுப்பான போலீஸ் தொடர்பு அதிகாரியிடமும் உடனே பேசுங்கள். பிள்ளைக்குப் பள்ளியில் பாதுகாப்பு கிடைத்தால் கேங் தரும் பாதுகாப்பு தேவைப்படாது. 6, 7ஆம் பதில்களில் சொன்னவற்றை அதனால்தான் விரைந்து செய்ய வேண்டும்.

13. "பள்ளியில கூப்பிட்டாங்க. என் பையன்தான் அடிக்கிறானாம். நம்பவே முடியல."

"என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்" என்று தொடங்காமல், நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிரம்பை எடுக்காதீர்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தான் அது அவனுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கும்.

செய்தது தப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். எடுத்த காசைத் தன் கைச்செலவிலிருந்து திருப்பித் தரட்டும். அந்தப் பிள்ளையை நேரே பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்வது, அந்தப் பிள்ளை விரும்பினால் மட்டும். அவனை வேறு யாராவது அடிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பள்ளியில் அடிக்கிற பிள்ளைகளில் சிலர் வேறு இடத்தில் அடிவாங்குகிறவர்கள். ஆலோசக ஆசிரியரிடம் தொடர்ந்து அனுப்புங்கள், ஒருமுறை போனால் போதாது.

14. "'செத்துடலாம் போல இருக்கு'ன்னு சொன்னா. சும்மா மிரட்டுறாளா?"

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, பேச வழி திறக்கும். தனியே விடாதீர்கள். மருந்து, கத்தி போன்றவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பேசுவதற்கு இரண்டு உதவித் தொலைபேசிச் சேவைகள்: தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு.

பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை மருத்துவரைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அந்த வாரம் பாடம் போனால் போகட்டும்.

15. "ரெண்டு மாசமா அலையறேன். பள்ளி எதுவும் செய்யல. அடுத்து எங்கே?"

முத்திரை வாங்கிய கடிதப் பிரதியோடு மாவட்டக் கல்வி அலுவலகம், பிறகு மாநிலக் கல்வி இலாகா. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகா. கல்வி அமைச்சு பகடிவதைப் புகாருக்கென்றே இணையத்தளம் வைத்திருக்கிறது, அங்கேயும் பதியலாம். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். பள்ளியின் பெயரைப் போட்டு டிக்டாக்கில் வீடியோ ஏற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. அதில் உங்கள் பிள்ளையின் முகமும் பெயரும் சேர்ந்தே பரவும், ஆண்டுக்கணக்கில் அழியாது.

16. "பதிமூணு வயசுப் பையன் மேல போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கலாமா? அவன் வாழ்க்கை போயிடாதா?"

காயம், ஆயுதம், காசு பறிப்பு, பாலியல் சீண்டல் இருந்தால் கொடுக்க வேண்டும். காயம் என்றால் முதலில் அரசாங்க மருத்துவமனைக்குப் போய் மருத்துவக் குறிப்பு வாங்குங்கள். நம் தண்டனைச் சட்டத்தில் 10 வயதுக்குக் கீழே குற்றப்பொறுப்பு இல்லை. 10 முதல் 12 வரை பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். 13 வயதுப் பையன் பொறுப்பேற்க வேண்டியவன்தான். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வழக்கு பெரும்பாலும் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றத்தில், மூடிய அறையில் நடக்கும். அவன் பெயரையோ படத்தையோ வெளியிட முடியாது. திருத்துவதற்கான வழிகள் அந்தச் சட்டத்திலேயே உண்டு.

17. "பேசாம பள்ளியை மாத்திடலாமா?"

சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. குறிப்பாக 14ஆம் கேள்வியின் நிலை வந்திருந்தால், அல்லது கேங் மிரட்டல் இருந்தால். மற்றபடி முதலில் வகுப்பு மாற்றம் கேட்டுப்பாருங்கள். மாற்றுவதென்றால், "நீ பயந்து ஓடல, நாங்க உனக்கு நல்ல இடம் தேடுறோம்" என்று பிள்ளைக்குப் புரியவையுங்கள். புதிய பள்ளியின் ஆலோசக ஆசிரியரை முதல் நாளே சந்தியுங்கள். பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேற வேண்டும், இல்லையென்றால் கூடவே வரும்.

18. "சங்கத்துல இருக்கோம். பேச்சுப் போட்டி, பேனர் தவிர வேற என்ன செய்யலாம்?"

2011இல் டோஃபி, ஃபாரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டுத் திட்டங்களை ஒப்பிட்டபோது, பள்ளி முழுக்கச் செய்யும் திட்டங்கள் பகடிவதையைச் சராசரியாக 20 முதல் 23 சதவீதம் குறைத்திருந்தன. இடைவேளையில் கண்காணிப்பைக் கூட்டுவதும், பெற்றோருக்குப் பயிற்சி தருவதும் பலன் அதிகமுள்ள திட்டங்களில் இருந்தன. இரண்டையும் சங்கத்தால் செய்ய முடியும்.

முதலில் பிள்ளைகளிடம் பெயர் எழுதாத தாளில் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயமாக இருக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கழிவறை, பட்டறைக்குப் பின்புறம், சைக்கிள் கொட்டகை, பேருந்து நிற்கும் இடம் என்று புள்ளிகள் சேரும் இடங்கள் தானாகத் தெரியும். அங்கே பெரியவர் நிற்கும் நேர அட்டவணையைப் பள்ளியோடு சேர்ந்து போடுங்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்றால், பள்ளியின் அனுமதியோடு வாசலில் பெற்றோர் நிற்கலாம். மதியம் இரண்டு வேளையும் கலக்கும் அந்த அரை மணிக்கு நால்வர் போதும். பள்ளிப் பேருந்து ஓட்டும் அண்ணன்களையும் கன்டீன் அக்காக்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். யார் தனியாகச் சாப்பிடுகிறார், யாருடைய காசு யார் கைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும், இதுவரை அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆறு மாதம் கழித்து அதே வரைபடத்தை மறுபடி கொடுத்து, புள்ளிகள் எங்கே நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து அட்டவணையை மாற்றுங்கள்.